மாத்திரை 6.45-க்கு, இட்லி 11.25-க்கு: மதுரையில் ஒரு குழுச் சுற்றுலா நாள்

பின்னணி

சென்னையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்திலிருந்து வருடத்துக்கு ஒரு முறை எல்லோருமாக வெளியூர் போவோம். இந்த முறை மதுரை. மொத்தம் 21 பேர். இளையவனுக்கு 9 வயது, மூத்தவருக்கு 74. அறுபதைத் தாண்டியவர்கள் ஒன்பது பேர். ஏற்பாட்டைக் கவனித்தது நானும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும். கணக்கும் அவரிடம்தான், அதனால் அவரைப் பொருளாளர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். தேதி, கார்த்திகை மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்குப் பள்ளி, பெரியவர்களுக்கு அலுவலகம் என்று கழித்துக்கொண்டே வந்தபோது மிஞ்சியது அந்த நாள்தான்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கூட்டம் கூட்டமாக மதுரைக்கு வருவார்கள். மீனாட்சியைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் மேற்கொண்டு போவார்கள். தெரியாத விஷயம் இல்லை. ஆனால் நான் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்தது ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை. அன்றைக்கு முக்கால் மணி நேரத்தில் தரிசனம் முடித்து வெளியே வந்துவிட்டேன். அந்த முக்கால் மணியைத்தான் பெருந்தன்மையாக ஒரு மணி நேரமாக்கித் திட்டத்தில் எழுதியிருந்தேன்.

இந்தக் கதையின் மையத்தில் இருப்பவர் 67 வயது அம்மா ஒருவர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. காலையில் சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை ஒன்று போடுவார். இது எதுவும் புறப்படும்போது எனக்குத் தெரியாது. யாருக்குச் சைவம், யாருக்கு அசைவம், யாருக்குக் கீழ்ப் படுக்கை என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்திருந்தேன். மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

திட்டம்

ஒரு தாளில் பதினொரு வரி. காலை 7.15 டிபன், 8.15 கோயில், 9.30 ஆயிரங்கால் மண்டபம், 10.30 திருமலை நாயக்கர் மகால், 12 மணி விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, 1 மணிக்கு அயிரை மீன் குழம்போடு சாப்பாடு, 2.15 காந்தி அருங்காட்சியகம், 4 மணி வண்டியூர்த் தெப்பக்குளம், 5 மணி சுங்குடி, 6.30 பருத்திப்பால், 7.30 கறி தோசை. அப்புறம் இரவு ரயில்.

இப்போது அதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு வரியும் தனியாக நடக்கக்கூடியதுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 21 பேர் எழுந்து, செருப்பைத் தேடி, கழிப்பறை போய், தலையை எண்ணிக் கிளம்பும் நேரம் மட்டும் அதில் எங்குமே இல்லை. பன்னிரண்டு மணி நேர வாடகைக்கு ஒரு வேனும் பேசியிருந்தோம். நாங்கள் தங்கிய விடுதி மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்தது. அங்கிருந்து மேலக் கோபுரத்துக்கு நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வேனை விடவும் மாட்டார்கள். ஆக, அந்த வேன் பாதி நாள் எல்லீஸ் நகர் நிறுத்துமிடத்தில் சும்மா நின்றது. அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தோம்.

காலை 6.10 முதல் 7.35 வரை: முதல் முடிவு

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. விடுதியில் ஐந்து அறைகள். குளித்து முடித்துக் கீழே கூடியபோது 7.15. அப்போதுதான் பேச்சு எழுந்தது. மூன்று பேர், சாமி கும்பிட்ட பிறகுதான் சாப்பிடுவோம் என்றார்கள். நான்காவதாக ஒருவர், "எட்டு மணிக்கு மேல போனா கூட்டம் நெருக்கும் சார், இப்பவே போயிடலாம்" என்றார். விடுதி வாசலில் காவி, கறுப்பு வேட்டிகளோடு முப்பது நாற்பது பேர் கோயில் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது.

முடிவு: டிபனைப் பின்னால் தள்ளி, முதலில் கோயில். காரணம் கூட்டம். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், அல்லது யாரும் மறுக்கவில்லை. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சிறுவனுக்கு மட்டும் அவன் அம்மா பிஸ்கட் கொடுத்தார்.

அந்த அம்மா 6.45-க்கே மாத்திரையைப் போட்டுவிட்டார். 7.15-க்கு டிபன் என்று தாளில் இருந்ததை நம்பித்தான் போட்டார். திட்டம் மாறியபோது அதைச் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "என் ஒருத்திக்காக எல்லாரும் நிக்கணுமான்னு தோணுச்சு. எப்படியும் ஒரு மணி நேரம்தானேன்னு நினைச்சேன்" என்றார். அந்த ஒரு மணி நேரம் என் தாளில் இருந்த ஒரு மணி நேரம்.

மேலக் கோபுர வாசலில் போன்களை ஒப்படைத்தோம். 2018-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதிலிருந்து இந்தக் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. ஐந்தைந்து போனாகக் கொடுத்து டோக்கன் வாங்கினோம். தொலைந்துவிடக் கூடாது என்று டோக்கன்கள் அத்தனையையும் பொருளாளரிடம் கொடுத்தேன். அவர் பத்திரமான மனிதர், சட்டைப் பையில் வைத்து ஊக்கு மாட்டிக்கொண்டார்.

அறுபது தாண்டியவர்களுக்குச் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிவிடலாம் என்றேன். ஆறு பேர் சரி என்றார்கள். பொருளாளரும் அதில் ஒருவர். அந்த அம்மா மாட்டேன் என்றுவிட்டார். சாமியைப் பார்க்கக் காசு எதற்கு என்பது அவர் கட்சி. ஆக, அவரும் நானும் உட்பட 15 பேர் பொது வரிசையில் நின்றோம். மணி 7.35.

வரிசையில்: என்ன பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை

முதல் ஒரு மணி நேரம் சுகமாகவே போனது. இரவு மழை பெய்திருந்ததால் கல்தரை சில்லென்றிருந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் சரண கோஷம். அந்த அம்மா, மதுரையில் தான் கல்லூரி படித்த நாட்களில் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். முந்தின இரவு ரயிலில் ஆரம்பித்த பேச்சு அது, நிற்கவே இல்லை.

9.40 வாக்கில் பேச்சு நின்றது. அதை நான் கவனித்தேன். களைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, நிம்மதிகூடப் பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில், பக்கத்தில் நின்ற தோழி ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. தோழி முகம் சுண்டிப் போய் விலகி நின்றார். இது இரண்டாவது அறிகுறி. அதையும் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

9.55-க்கு அவர் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. ரவிக்கையின் கழுத்து ஓரம் முழுக்க நனைந்திருந்தது. விரல்கள் கம்பியின் மேல் லேசாகத் தாளம் போடுவதுபோல் ஆடின. நான் சொன்னது: "காத்து வரட்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க." ஒருவர் துண்டால் விசிறினார். இன்னொருவர் தண்ணீர் கொடுத்தார். நெரிசலில் மூச்சு முட்டுகிறது என்பதே எங்கள் எல்லோருடைய கணிப்பும். அந்தக் குளிர்ந்த காலையில் வேறு யாருக்குமே வியர்க்கவில்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒருவர் கண்ணில் பட்டது. குழுவில் ஒருவருடைய பேத்தி, நர்சிங் இரண்டாம் ஆண்டு படிப்பவள், நாலு பேர் தள்ளிப் பின்னால் நின்றிருந்தாள். முன்னே வந்து அந்த அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டாள். "பாட்டி, சுகர் மாத்திரை போட்டீங்களா? காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" முதல் கேள்விக்குத் தலையாட்டினார். இரண்டாவதற்குப் பதில் குழறலாக வந்தது.

மாத்திரை உள்ளே போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கிளிமிபிரைடு வகை மாத்திரை, சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை என்பார்கள். வியர்வை, நடுக்கம், எரிச்சல், குழறல் எல்லாம் அதன் அடையாளங்கள். இதையெல்லாம் அவள் அங்கே விளக்கிக்கொண்டிருக்கவில்லை. "இனிப்பு வேணும், உடனே வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

15 பேரிடமும் தின்பதற்கு ஒன்றும் இல்லை. சிறுவனின் பிஸ்கட் எப்போதோ தீர்ந்துவிட்டது. இந்தக் கோயிலில் 2019-லிருந்து பக்தர்களுக்கு இலவசமாக லட்டு கொடுக்கிறார்கள், ஆனால் அது தரிசனம் முடித்தவர்களுக்கு. எங்களுக்கும் லட்டுக்கும் நடுவே இன்னும் ஒரு மணி நேர வரிசை இருந்தது.

எங்களுக்குப் பின்னால் கறுப்பு வேட்டியோடு நின்ற ஒருவர் தோளில் ஜோல்னாப் பை வைத்திருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். டைமண்ட் கல்கண்டு. "சாமி, அம்மாவுக்கு இதைக் கொடுங்க" என்று பொட்டலத்தையே என் கையில் வைத்தார். அந்தப் பெண் முதலில் அந்த அம்மாவைத் தரையில் உட்கார வைத்தாள். விழுங்க முடிகிறதா என்று ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். அப்புறம் கல்கண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னாள். ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே போயிருக்கும். மணி 10.02. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் போடக் கூடாது, நேராக 108-தான் என்று பிறகு சொன்னாள். அந்த நிலை வரவில்லை.

பத்து நிமிடத்தில் பார்வை தெளிந்தது. முதலில் கேட்டது, "நான் ஏதாவது கத்திட்டேனா?"

வெளியே வந்த பிறகு: டோக்கன் சிக்கல்

கோயில் ஊழியர் ஒருவர் தடுப்பைத் திறந்துவிட்டார். அந்த அம்மா, தோழி, நர்சிங் பெண், நான், நால்வரும் 10.15-க்கு மேலக் கோபுர வாசலுக்கு வந்தோம். மற்ற 11 பேரை வரிசையிலேயே விட்டு வந்தோம். அவர்களும் வந்தால் கூட்டம்தான் சேரும் என்பது காரணம். அதில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த சிக்கல் வாசலில் காத்திருந்தது. போன் எடுக்க டோக்கன் வேண்டும். டோக்கன் பொருளாளரின் பையில், ஊக்குக்குள். அவர் கோயிலுக்குள் எங்கோ. கவுண்டரில் இருந்தவரிடம் நிலைமையைச் சொன்னேன். டோக்கன் இல்லாமல் கொடுக்க முடியாது என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

எதிரே டீக்கடையில் உட்கார வைத்தோம். கடைக்காரர் தன் போனைக் கொடுத்தார். யாரைக் கூப்பிடுவது? நால்வருக்கும் தெரிந்த எண்கள் அவரவர் எண்ணும் அவரவர் வீட்டு எண்ணும்தான். அந்தப் போன்களெல்லாம் கவுண்டருக்குள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அப்போதுதான் என் இடுப்பில் செருகியிருந்த அறைச் சாவி குத்தியது. பித்தளைத் தகட்டில் அறை எண், அதன் கீழே விடுதியின் தொலைபேசி எண். கூப்பிட்டேன். அந்த அம்மாவின் அறையில் நீல நிறப் பெட்டிக்குள் சர்க்கரை பார்க்கும் கருவி இருப்பதாக அவரே சொன்னார். விடுதிப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தான்.

10.35-க்கு 64. கல்கண்டு தின்று அரை மணி நேரத்துக்குப் பிறகு இந்த அளவு. அப்படியென்றால் வரிசையில் எவ்வளவுக்கு இறங்கியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

கடையில் நின்ற ஒருவர், "ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் குடுங்க, டக்குனு ஏறிடும்" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. நன்னாரி சர்பத், சுண்டின பால், கடற்பாசி, ஐஸ்கிரீம், அதைவிட இனிப்பு எது? பெண் வேண்டாம் என்றாள். பாலின் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும், சாக்லேட்டுக்கும் இதே கதைதான். வெறும் சர்க்கரை, தண்ணீரில் கலந்து, மூன்று நான்கு தேக்கரண்டி. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது. டீக்கடையில் சர்க்கரைக்கா பஞ்சம்? 10.50-க்கு 81.

10.55-க்குப் பொருளாளர் தெற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்து, எங்களைத் தேடிச் சுற்றி நடந்து, மேல வாசலுக்கு வந்து சேர்ந்தார். போன்கள் கிடைத்தன. சென்னையில் அந்த அம்மா வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரைப் பிடித்தோம். அவர் சொன்னது: உடனே வயிறார டிபன். இந்த மாத்திரையின் வேகம் மாலைவரைகூட இருக்கலாம், ஒரு முறை ஏறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், தனியாக விடக் கூடாது, இரவு மாத்திரை வேண்டாம். மறுபடி இறங்கினாலோ தூக்கக் கலக்கமாக இருந்தாலோ யோசிக்காமல் மருத்துவமனை.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. நினைவு தெளிவு, அளவு ஏறுகிறது, மருத்துவர் போனில் இருக்கிறார் என்று நான் வேண்டாம் என்றேன். அந்தப் பெண், வயதையும் மாத்திரையின் வகையையும் பார்த்தால் சில மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும் என்றாள். இப்போது கேட்டாலும் அவள் சொன்னதுதான் பாதுகாப்பான வழி என்பேன். நல்லபடியாக முடிந்ததால் என் முடிவு சரியாகிவிடாது.

11 மணிக்கு மதுரையில் டிபன்

தூங்கா நகரம் என்று பேர். ஆனால் நாங்கள் போன முதல் இரண்டு மெஸ்ஸிலும் ஒரே பதில்: "டிபன் முடிஞ்சுருச்சுண்ணே. சாப்பாடு பன்னெண்டு மணிக்கு." தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். 10.45-லிருந்து 12 வரை சின்னக் கடைகளில் அடுப்பு கைமாறும் நேரம் இது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், பட்டியல் போட்ட எனக்குத் தெரியவில்லை. விசாரித்து, நாள் முழுக்க இட்லி போடும் கடை ஒன்றைக் கண்டுபிடித்தோம்.

11.25. வாழை இலையில் நான்கு இட்லி, பக்கத்தில் நான்கு வகைச் சட்னி. வெள்ளையாகத் தேங்காய், பச்சையாகப் புதினா, சிவப்பாகத் தக்காளி, எண்ணெய் மிதக்கும் காரச் சட்னி. இட்லியைப் பிட்டால் விரலில் ஒட்டாமல் ஆவி பறந்தது. அந்த அம்மா முதல் இட்லியைச் சட்னி தொடாமலேயே தின்று முடித்தார். இரண்டாவதில்தான் ருசி பார்க்க ஆரம்பித்தார். நான்காவதற்கு வரும்போது, தான் படித்த நாட்களில் இதே ஊரில் ஓர் இட்லி என்ன விலை விற்றது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பேச்சு திரும்பியதைப் பார்த்து அந்தத் தோழி மெல்ல அழுதார்.

நாளை வெட்டிச் சுருக்கியது

12 மணிக்கு 21 பேரும் விடுதியில் கூடினோம். கோயில் நடை பகலில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் ஆயிரங்கால் மண்டபம் கைவிட்டுப் போயிருந்தது. (பெயருக்குத்தான் ஆயிரம், தூண்கள் 985. எண்ணிப் பார்க்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த சிறுவனுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.)

இரண்டு வழி இருந்தது. மிச்சமிருந்த வரிகளை விரட்டிப் பிடிப்பது ஒன்று. சிலர் அதைத்தான் விரும்பினார்கள், இவ்வளவு தூரம் வந்து காந்தி அருங்காட்சியகம் பார்க்காமல் போவதா என்று. அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருப்பது அது, காந்தி கடைசியாக உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. ஆனால் ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம். பகல் 1 முதல் 2 வரை இடைவேளை வேறு. அதை விட்டோம்.

எடுத்த முடிவு: எல்லோரும் சாப்பிட்டு 2.30 வரை ஓய்வு. அதன் பிறகு மகாலும் தெப்பக்குளமும் மட்டும் எல்லோருக்கும் பொது. மற்றதெல்லாம் அவரவர் விருப்பப்படி, நான்கு நான்கு பேராக, ஒவ்வொரு குழுவிலும் போனோடு ஒருவர். காரணம் எளிது. காலையில் எங்களைக் கவிழ்த்தது, 21 பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம்தான்.

மகாலில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். திட்டப்படி போயிருந்தால் முக்கால் மணியில் முடித்திருப்போம். 1636-இல் கட்டியது, இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். அதற்கே தூண்களைக் கட்டிப்பிடிக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. சிறுவன் இங்கே தூண்களை எண்ணத் தொடங்கினான், நூற்று நாற்பது வரைக்கும் போய்க் குழம்பிவிட்டான். சுதை வேலையில் கை படும் உயரம்வரை பெயர்களும் இதயங்களும் கீறி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே அண்ணாந்து பார்த்தால் வேலைப்பாடு தெளிவாக இருக்கிறது. அந்த அம்மா படியில் உட்கார்ந்து புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2.45-க்கு 118, 4 மணிக்கு 138.

4.30-க்கு அவர் மறுபடி கோயிலுக்குப் போனார். இந்த முறை சீட்டு வாங்கச் சம்மதித்தார். நர்சிங் பெண்ணும் தோழியும் கூடப் போனார்கள், பெண்ணின் பையில் குளுக்கோஸ் பொட்டலம். ஒரு மணி நேரத்துக்குள் தரிசனம் முடித்து, லட்டோடு திரும்பினார். லட்டைத் தோழியிடம் கொடுத்துவிட்டார். மகாலில் இருந்த மற்றவர்களை அதே நேரம் வேன் தெப்பக்குளத்துக்குக் கொண்டுபோனது. அந்த நாளில் வேனால் கிடைத்த ஒரே பிரயோசனம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது, பதினாறு ஏக்கர் வரும். தண்ணீர் நிறைந்து, மைய மண்டபம் தலைகீழாகத் தெரிந்தது. கரையில் முக்கால் மணி நேரம் யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

அதன் பிறகு ஆளுக்கொரு பக்கம். ஒரு குழு சுங்குடி வாங்கப் போனது. புள்ளி, கட்டிச் சாயம் தோய்த்ததா, அச்சடித்ததா என்று துணியைத் திருப்பிப் பார்த்து ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறார்கள். கட்டியதாக இருந்தால் முடிச்சின் சுருக்கம் கையில் தட்டுப்படும். மல்லிகை கேட்டவர்கள் விலையைக் கேட்டு ஒரு முழத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், பனிக்காலத்தில் வரத்து குறைவு. தள்ளுவண்டியில் பருத்திப்பால்: பருத்தி விதைப் பாலில் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும், மேலே தேங்காய்ப் பூ. மூத்தவருக்கு அது தொண்டைக்கு இதமாக இருந்ததாம், இரண்டு குவளை குடித்தார். அசைவக் குழு கறி தோசைக்குப் போனது. கல்லில் தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் கொத்தின கறி, திருப்பிப் போட்டு மொறுமொறுவென்று எடுக்கிறார்கள். ஒன்று தின்றால் போதும், இரண்டு கேட்டவர் ரயிலில் தூங்கவில்லை.

என்ன ஆயிற்று

அந்த அம்மாவுக்கு இரவு 8 மணிக்கு 149. ரயிலில் தோழி எதிர்ப் படுக்கையில் படுத்து, நடு இரவில் ஒரு முறை எழுப்பிப் பார்த்தார். மறுவாரம் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்து, பயண நாட்களில் இலை போட்ட பிறகே மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். பதினொரு வரியில் பாதிகூட எல்லோரும் சேர்ந்து பார்க்கவில்லை, சாப்பாட்டையும் சேர்த்து. ஆயிரங்கால் மண்டபமும் அருங்காட்சியகமும் போனதில் இரண்டு பேருக்கு வருத்தம் இன்னும் உண்டு.

அடுத்த முறை மாற்றுவது

திட்டத்தை இனி இடங்களிலிருந்து தொடங்கப்போவதில்லை. சாப்பாட்டு நேரம் மூன்றையும் முதலில் எழுதி, அவற்றுக்கு நடுவே எது அடங்குகிறதோ அதைப் போடுவது. சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டுமானால், மாத்திரை போடுகிறவர்களை ஒவ்வொருவராகத் தனியே கேட்ட பிறகுதான். கூட்டத்தில் நிறுத்தி "எல்லாருக்கும் சரிதானே?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். விரதம் இருப்பவர் இருக்கட்டும், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

போன் கொண்டுபோக முடியாத இடத்தில் டோக்கன்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பது, எந்த வாசலில் எத்தனை மணிக்குக் கூடுவது என்று முன்பே பேசிவிடுவது, முக்கியமான மூன்று எண்களைத் தாளில் எழுதி எல்லோர் பையிலும் வைப்பது. இவையெல்லாம் ஐந்து ரூபாய்கூடச் செலவில்லாத வேலைகள். குளுக்கோஸ் பொட்டலம் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், ஒருவரிடம் போதாது. முன்கூட்டிப் போய்ப் பார்ப்பதென்றால் அதே மாதத்தில், அதே கிழமையில் போவது. வேன் வேண்டுமா என்று வரைபடத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்வது.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பெயர் கொடுக்கும்போதே என்ன நோய், என்ன மாத்திரை என்று எழுதி வாங்கிவிடலாம் என்றேன். இரண்டு பேர் கடுமையாக எதிர்த்தார்கள். தன் சர்க்கரை அடுக்ககம் முழுக்கத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை என்பது அவர்கள் வாதம். அந்த இரண்டு பேரில் ஒருவர் அந்த அம்மா. மூடிய உறையில் எழுதி நர்சிங் பெண்ணிடம் மட்டும் கொடுக்கலாம் என்று அவரே ஒரு வழி சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் வருவாளா என்று பொருளாளர் கேட்டிருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுவதாக இருக்கிறோம்.